ஒரே ஸ்கிரிப்ட் விண்டோஸில் தோல்வி, லினக்ஸில் வெற்றி என்று காட்டுவது ஏன்?

உங்கள் கேள்வியை நான் புரிந்துகொண்ட விதத்தை முதலில் சொல்லிவிடுகிறேன். பைத்தானில் எழுதிய உங்கள் ஸ்கிரிப்ட் வேறொரு கருவியை ஓஎஸ்.சிஸ்டம் என்ற செயற்கூறு வழியாக இயக்குகிறது; அது திருப்பும் எண்ணை அப்படியே, நிரலை முடித்து வெளியேறும் சிஸ்.எக்சிட்டிடம் கொடுத்து முடிகிறது. கருவி தோற்கும்போது விண்டோஸில் பில்டு (நிரலைத் தொகுத்துச் சோதிக்கும் தானியங்கி ஓட்டம்) சிவப்பாக நிற்கிறது; லினக்ஸில் அதே தோல்வி பச்சையாகக் கடந்துபோகிறது. எல்லா இயங்குதளங்களிலும் பிழை ஒரே மாதிரி தெரிய எந்த அமைப்பை மாற்ற வேண்டும் என்று கேட்கிறீர்கள். அப்படி ஓர் அமைப்பு எங்கும் இல்லை. எக்சிட் கோடு என்பது முடிந்துபோன புராசஸ், அதாவது ஓடிக்கொண்டிருந்த நிரல், தன்னை இயக்கியவரிடம் விட்டுச்செல்லும் ஒற்றை எண்; வழக்கமாக 0 என்றால் வெற்றி, மற்றவை தோல்வி. அதன் அகலமும் பொருளும், அதைப் படிக்கும் முறையும் ஒவ்வோர் இடத்திலும் வேறாக இருக்கின்றன. ஆகவே உண்மையில் நீங்கள் கேட்டிருப்பது, அந்த எண் எந்தெந்த இடங்களில் உருமாறுகிறது, அதை எந்த ஓரிடத்தில் நம் கைக்குள் வைத்துக்கொள்ளலாம் என்பதே.

உங்கள் வழக்கில் கோளாறு எங்கே என்பதில் எனக்கு ஐயம் இல்லை. விண்டோஸில் ஓஎஸ்.சிஸ்டம் திருப்புவது ஷெல் (கட்டளைகளை வாங்கி இயக்கும் நிரல்) தந்த எக்சிட் கோடு. லினக்ஸிலும் மேக்கிலும் அது திருப்புவது எக்சிட் கோடு அன்று. இயங்குதளத்தின் மையமான கெர்னல் தாய்ப் புராசஸுக்கு, அதாவது இயக்கிய நிரலுக்கு, தரும் வெய்ட் நிலை எண். அந்த எண்ணில் எக்சிட் கோடு மேல் 8 பிட்களில் அமர்ந்திருக்கும். கீழ்ப் பிட்கள், புராசஸ் சிக்னலால் (வெளியிலிருந்து அதை நிறுத்த அனுப்பும் அறிவிப்பால்) மடிந்ததா என்பதைச் சொல்வதற்காக ஒதுக்கப்பட்டவை. கருவி 1 என்று வெளியேறினால் உங்கள் கைக்கு வருவது 256. 2 என்றால் 512. அந்த 256-ஐ நீங்கள் சிஸ்.எக்சிட்டிடம் கொடுக்கிறீர்கள். யூனிக்ஸ் வகை இயங்குதளங்களில் வெளியேறும் எண்ணின் கீழ் 8 பிட்கள் மட்டுமே தாய்ப் புராசஸைச் சென்றடையும். 256-இன் கீழ் 8 பிட்கள் சுழியம். 512-க்கும் அதே கதி. கருவி எந்த எண்ணோடு தோற்று வெளியேறினாலும் அது 256-இன் மடங்காகி, உங்கள் ஸ்கிரிப்ட் ஒவ்வொரு முறையும் 0 என்றே அறிவிக்கும். அவ்வப்போது தவறுவது என்றால் யாராவது கவனித்திருப்பார்கள். இது தவறாமல் தவறுவதால்தான் ஆண்டுக்கணக்கில் கண்ணில் படாமல் இருக்கிறது. பெர்ல் மொழியிலும் இதே வலை உண்டு: அங்கே $? என்ற மாறியை 8 பிட் வலப்பக்கம் நகர்த்தாமல் எக்சிட்டுக்குக் கொடுத்தால் இதேதான் நடக்கும்.

தீர்வு சிறியது. ஓஎஸ்.சிஸ்டத்தை விட்டுவிட்டு சப்பிராசஸ்.ரன் என்ற செயற்கூறைப் பயன்படுத்தி, அது தரும் ரிட்டர்ன்கோடு மதிப்பைப் பாருங்கள். பழைய நிரல் அதிகம் இருந்து உடனே மாற்ற முடியாதென்றால், பைத்தான் 3.9 முதல் இருக்கும் வெய்ட்ஸ்டேட்டஸ்_டூ_எக்சிட்கோடு என்ற உதவிச் செயற்கூறு ஓஎஸ் தொகுதியிலேயே கிடைக்கிறது. ஆனால் சப்பிராசஸ் தரும் எண்ணையும் அப்படியே வெளியே தள்ளிவிடாதீர்கள். சிக்னலால் மடிந்த புராசஸுக்கு அது யூனிக்ஸ் வகைகளில் எதிர்மறை எண்ணைத் தரும். 9-ஆம் சிக்னலால் கொல்லப்பட்டதென்றால் -9. அதை சிஸ்.எக்சிட்டுக்குக் கொடுத்தால் வெளியே தெரிவது 247. சுழியமாக இல்லாததால் தோல்வி தெரிந்துவிடும். ஆனால் 247-ஐப் பார்த்து அது 9-ஆம் சிக்னல் என்று யாரும் ஊகிக்கப் போவதில்லை.

விண்டோஸில் எக்சிட் கோடு 32 பிட் அகலம் கொண்டது. அங்கே 256 என்பது 256 ஆகவே போய்ச்சேரும். 70000 என்பதும் அப்படியே. நினைவகத்தில் தொடக்கூடாத இடத்தைத் தொட்டு விழுந்த நிரலின் குறியீடு -1073741819 என்றும், கன்ட்ரோல்-சி அழுத்தி நிறுத்தப்பட்டதன் குறியீடு -1073741510 என்றும் தெரிவது இந்த அகலத்தால்தான். ஒரே எண்ணைச் சில கருவிகள் குறியோடும் சில குறியின்றியும் காட்டுவதால் முதலாவது 3221225477 என்றும் தோன்றலாம். இதில் ஒரு விந்தையான ஓட்டை உண்டு. ஒரு புராசஸ் இன்னும் ஓடிக்கொண்டிருக்கிறது என்பதைச் சொல்ல விண்டோஸ் 259 என்ற எண்ணைப் பயன்படுத்துகிறது. ஆகவே முடிந்துபோன நிரல் தானாகவே 259 என்று வெளியேறினால், அந்த எண்ணை மட்டும் பார்த்துக் காத்திருக்கும் தாய் நிரல் முடிவே இல்லாமல் காத்திருக்கும்.

யூனிக்ஸ் ஷெல்கள் சிக்னலால் மடிந்த புராசஸை 128-உடன் சிக்னல் எண்ணைக் கூட்டிக் காட்டுகின்றன. கன்ட்ரோல்-சி என்றால் 130, கட்டாயக் கொலை என்றால் 137, நினைவகப் பிழை என்றால் 139, மரியாதையாக நிறுத்தச் சொன்னது என்றால் 143. இங்கே உறுதியையும் ஐயத்தையும் பிரித்துச் சொல்ல வேண்டியிருக்கிறது. பாஷ், டேஷ் போன்ற ஷெல்களில் இப்படித்தான் என்பது உறுதி. ஆனால் யூனிக்ஸ் வகைகளுக்கான பாசிக்ஸ் தரநிலை கேட்பதோ 128-ஐவிடப் பெரிய எண் என்பதை மட்டுமே. கார்ன் ஷெல்லின் 93-ஆம் பதிப்பு 256-உடன் கூட்டுகிறது. அதைவிட முக்கியமானது, 137 என்ற எண்ணை மட்டும் வைத்துக்கொண்டு காரணத்தைச் சொல்லிவிட முடியாது என்பது. நினைவகம் தீர்ந்து கெர்னல் கொன்றிருக்கலாம். யாரோ கையால் கொன்றிருக்கலாம். நேரக்கெடு தாண்டியதால் கன்டெய்னரை (நிரலைத் தனியே அடைத்து இயக்கும் சூழலை) நிறுத்தியிருக்கலாம். அல்லது ஏதோ ஒரு ஸ்கிரிப்ட் தானாகவே 137 என்று எழுதி வெளியேறியிருக்கலாம். நான்கிலும் ஷெல் பார்ப்பது ஒரே எண். 137 என்றதும் நினைவகத்தைக் கூட்டச் சொல்லும் அறிவுரையைப் பல இடங்களில் பார்த்திருப்பீர்கள்; கெர்னல் பதிவில் அதற்கான வரி இருக்கிறதா என்று பார்த்த பிறகே அதை ஏற்றுக்கொள்ளுங்கள்.

விண்டோஸில் பேட்ச் கோப்பு (கட்டளைகளை வரிசையாக எழுதிய கோப்பு) இடையில் வந்தால் சிக்கல் இன்னும் நுட்பமாகிறது. அங்கே கடைசிக் கட்டளையின் எக்சிட் கோடுக்குப் பெயர் எரர்லெவல். "இஃப் எரர்லெவல் 1" என்ற பழைய வடிவத்தின் பொருள் எரர்லெவல் 1-க்குச் சமம் என்பதன்று. 1 அல்லது அதற்கு மேல் என்பது. மேலே சொன்ன -1073741819 ஒன்றுக்குக் கீழே இருப்பதால், நிரல் தலைகுப்புற விழுந்தாலும் அந்தச் சோதனை அதைப் பிடிக்காது. சாதாரணத் தோல்விகளைப் பிடித்துவிட்டுப் படுமோசமான தோல்வியை மட்டும் விட்டுவிடும் சோதனை அது. சுழியத்துக்குச் சமமா என்று ஒப்பிட்டு, சமமில்லை என்றால் தோல்வி என்று எழுதுவதே சரி. அடுத்தது, அடைப்புக்குறிகளுக்குள் இருக்கும் தொகுதியில் %எரர்லெவல்% என்று எழுதினால், அந்த முழுத் தொகுதியும் படிக்கப்படும் நேரத்து மதிப்பே அங்கே பதிந்துவிடும். உள்ளே ஓடிய கட்டளையின் விளைவு அதில் வராது. தாமத விரிவாக்கத்தை இயக்கி, விழுக்காட்டுக் குறிக்குப் பதில் ஆச்சரியக்குறியால் எழுதினால் நடப்பு மதிப்பு கிடைக்கும். யாராவது எரர்லெவல் என்ற பெயரிலேயே ஒரு சூழல் மாறியை உருவாக்கிவிட்டால், அதற்குப் பிறகு உண்மையான மதிப்பு அந்தப் பெயருக்குப் பின்னால் மறைந்தே கிடக்கும். ஒரு பேட்ச் கோப்பிலிருந்து இன்னொன்றை "கால்" போடாமல் இயக்கினால் கட்டுப்பாடு திரும்பியே வராது. வெளியேறும்போது "எக்சிட் /பி" என்று எழுதி எண்ணைச் சேர்ப்பது வழக்கம். /பி இல்லாமல் எழுதினால் ஷெல் சாளரமே மூடிக்கொள்ளும்.

விண்டோஸின் இன்னொரு ஷெல்லான பவர்ஷெல்லில் பெரும்பாலோர் ஏமாறுவது இரண்டு இடங்களில். பிழை வந்தால் நிறுத்து என்பதற்காக எரர்ஆக்‌ஷன்பிரெஃபரன்ஸ் என்ற மாறியை "ஸ்டாப்" என்று வைப்பார்கள். அது பவர்ஷெல்லின் சொந்தக் கட்டளைகளுக்குத்தான். வெளி நிரல் ஒன்று 1 என்று திருப்பினால் விண்டோஸோடு வரும் 5.1 பதிப்பு அதைப் பொருட்படுத்தாமல் அடுத்த வரிக்குப் போய்விடும். ஒவ்வொரு வெளி நிரலுக்குப் பிறகும் லாஸ்ட்எக்சிட்கோடு மாறியை நாமே பார்த்தாக வேண்டும். 7.4 முதல் வெளி நிரல்களையும் அந்த விதிக்குள் கொண்டுவரும் தனி மாறி முறையாக வந்துவிட்டது. அதை ட்ரூ என்று வைத்தால் போதும். இரண்டாவது இடம், ஸ்கிரிப்டை இயக்கும் முறை. "-ஃபைல்" கொடுத்து இயக்கினால் ஸ்கிரிப்ட் சொன்ன 5 என்பது 5 ஆகவே வெளியே வரும். "-கமாண்ட்" கொடுத்து இயக்கினால் அதே 5 என்பது 1 ஆகச் சுருங்கிவிடும். எண் அப்படியே வேண்டுமென்றால் கட்டளையின் இறுதியில் லாஸ்ட்எக்சிட்கோடைக் கொடுத்து வெளியேறச் சொல்ல வேண்டும்.

யூனிக்ஸ் ஷெல்லிலும் பெருமைப்பட ஏதும் இல்லை. நான் ஒரு காலத்தில் இரவுதோறும் தரவுத்தளத்தைப் படியெடுத்து, பைப் (ஒரு கட்டளையின் வெளியீட்டை அடுத்ததற்குக் கொடுக்கும் இணைப்பு) வழியாகச் சுருக்கும் கருவியான ஜிசிப்புக்கு அனுப்பும் ஒரு வரி ஸ்கிரிப்டை நம்பியிருந்தேன். "செட் -இ" எழுதியிருந்ததால் எது தோற்றாலும் நின்றுவிடும் என்ற நிம்மதி. ஒருநாள் பழைய படியொன்று தேவைப்பட்டபோது கோப்பகத்தைத் திறந்தால், வரிசையாக எல்லாக் கோப்புகளும் 20 பைட் அளவில் இருந்தன. ஒன்றுமில்லாத உள்ளீட்டை ஜிசிப் சுருக்கினால் கிடைப்பது சரியாக 20 பைட். கடவுச்சொல் மாறியதால் படியெடுக்கும் நிரல் முதல் நொடியிலேயே தோற்றிருக்கிறது. ஜிசிப்போ தன் வேலையைக் குறையில்லாமல் முடித்திருக்கிறது. பைப்பின் விளைவு என்பது அதன் கடைசிக் கட்டளையின் விளைவு என்பதால் ஸ்கிரிப்ட் இரவுதோறும் 0 என்று சொல்லியிருக்கிறது. பைப்பில் எந்தக் கட்டளை தோற்றாலும் தோல்வி என்று காட்டும் "செட் -ஓ பைப்ஃபெயில்" என்ற ஒரு வரி அன்று என்னிடம் இல்லை.

அந்த வரியும் எல்லா இடங்களிலும் செல்லுபடியாகாது. 2024-ஆம் ஆண்டுப் பாசிக்ஸ் பதிப்பில்தான் பைப்ஃபெயில் தரநிலைக்குள் வந்தது. உபுண்டு 2006-இல் வந்த 6.10 முதல் எஸ்எச் என்ற பெயரில் வைத்திருக்கும் டேஷின் பழைய பதிப்புகள் அதை ஏற்காமல் பிழை சொல்லி நின்றுவிடும். அதே டேஷ் "எக்சிட் -1" என்பதையும் செல்லாத எண் என்று மறுக்கும்; பாஷ் அதை 255 ஆக்கும். மேக்கில் 2019-இன் கேட்டலினா முதல் வழக்கமான ஷெல் இசட்எஸ்எச். கூடவே இருக்கும் பாஷ் இன்னும் 3.2. பைப்பின் ஒவ்வொரு கட்டளையும் என்ன சொன்னது என்பதைக் காட்டும் அணியின் பெயர் பாஷில் பெரிய எழுத்துகளில் பைப்ஸ்டேட்டஸ், எண்ணிக்கை 0-இலிருந்து. இசட்எஸ்எச்சில் சிறிய எழுத்துகள், எண்ணிக்கை 1-இலிருந்து. "செட் -இ" மீது அளவுக்கு மீறி நம்பிக்கை வைப்பவர்களுக்கு இரண்டு செய்திகள்: ஒரு செயற்கூறை இஃப் நிபந்தனைக்குள் அழைத்தால் அந்தச் செயற்கூறு முழுவதற்கும் "செட் -இ" உறங்கிவிடும், "லோக்கல்" என்று அறிவிக்கும் அதே வரியில் ஒரு கட்டளையின் வெளியீட்டை மாறிக்குள் பிடித்தால், கட்டளை தோற்றாலும் லோக்கல் வென்றுவிட்டதால் வரியின் விளைவு 0. அறிவிப்பை ஒரு வரியிலும் மதிப்பிடுதலை அடுத்த வரியிலும் எழுதுங்கள். "செட் -இ" இல்லாத ஸ்கிரிப்டின் கடைசி வரியில் "முடிந்தது" என்று எக்கோ செய்யும் பழக்கம் இருந்தால் அதையும் விட்டுவிடுங்கள்; ஸ்கிரிப்டின் விளைவு அந்த எக்கோவின் விளைவாகிவிடும்.

சுழியம் அல்லாததெல்லாம் தோல்வி என்ற விதியைக் கண்ணை மூடிக்கொண்டு பின்பற்றவும் முடியாது. கிரெப் தேடிய சொல் கிடைக்காவிட்டால் 1 என்கிறது, உண்மையான பிழைக்குத்தான் 2. டிஃப் இரண்டு கோப்புகள் வேறுபட்டால் 1 என்கிறது. விண்டோஸின் ரோபோகாப்பி கோப்புகளைச் சரியாக நகலெடுத்து முடித்ததற்கே 1 என்று திருப்பும். அதன் கணக்கில் 8-க்குக் கீழ் உள்ளவை தோல்வி அல்ல. பழைய விஎம்எஸ் இயங்குதளத்தில் ஒற்றைப்படை எண் வெற்றி, இரட்டைப்படை எண் தோல்வி. பிளான் 9 எண்ணையே தூக்கி எறிந்துவிட்டு எழுத்துச் சரத்தைத் திருப்பியது. இதில் பிளான் 9 செய்ததே எனக்குப் பிடித்தது; ஆனால் உலகம் அந்தப் பக்கம் போகவில்லை.

ஆகவே நான் செய்வது இதுதான். வெளியிலிருந்து வரும் எந்த எண்ணையும் நேராக வெளியே விடுவதில்லை. ஒவ்வொரு வெளிக் கருவியையும் அழைக்கும் இடத்திலேயே, அந்தக் கருவியின் மொழியில் இது வெற்றியா தோல்வியா என்று தீர்மானித்துவிடுகிறேன். ரோபோகாப்பிக்கு ஒரு விதி, கிரெப்புக்கு ஒரு விதி. அதற்குப் பின் என் ஸ்கிரிப்டின் சொந்த எண்கள் மட்டுமே புழக்கத்தில் இருக்கும்: 0 வெற்றி, 1 பொதுத் தோல்வி, 2 தவறான உள்ளீடு, மீண்டும் முயன்றால் சரியாகக்கூடிய தற்காலிகத் தோல்விக்கு 75. இந்த 75 என்பது பிஎஸ்டி மரபில் 64 முதல் 78 வரை ஒதுக்கப்பட்ட எண்களில் ஒன்று. அந்த மரபைப் பலர் மதிக்கிறார்கள், ஆனால் அது தரநிலை அன்று, படிப்பவர் அதை அறிந்திருக்க வேண்டிய கட்டாயமும் இல்லை. 124-லிருந்து மேலே போவதில்லை: நேரக்கெடு தாண்டியதைச் சொல்ல குனு டைம்அவுட் 124-ஐ எடுத்துக்கொண்டது, பிழை நுழைந்த மாற்றத்தைத் தேடும் கிட் பைசெக்ட் 125-ஐ "இதைத் தாண்டிச் செல்" என்று படிக்கிறது, கோப்பு இருந்தும் இயக்க முடியாததற்கு 126-ஐயும், கட்டளையே கிடைக்காததற்கு 127-ஐயும் ஷெல் வைத்திருக்கிறது, அதற்கு மேல் சிக்னல்கள், 255-இல், தொலைவிலுள்ள கணினியில் கட்டளை இயக்க உதவும் எஸ்எஸ்எச்சின் சொந்தப் பிழை. 1 முதல் 123 வரை உள்ள எண்கள் 8 பிட்டிலும் 32 பிட்டிலும் உருமாறாமல் கடக்கும். எதிர்மறை எண்களை எழுதவே வேண்டாம். -1 என்பது ஓரிடத்தில் 255, இன்னோரிடத்தில் 4294967295. விவரங்களை எண்ணில் திணிக்காமல் பிழை வெளியீட்டில் ஒரு வரியாக எழுதுங்கள். கருவி முதலில் தந்த எண்ணையும் அந்த வரியிலேயே சேர்த்துவிடுங்கள்.

பைத்தானில் இதை எழுதும்போது மெயின் செயற்கூறு ஓர் எண்ணைத் திருப்ப, கோப்பின் இறுதியில் ஒரே ஒரு சிஸ்.எக்சிட் மட்டும் இருக்கட்டும். மெயின் எதையும் திருப்பாவிட்டால் 0 ஆகும். எழுத்துச் சரத்தைத் திருப்பினால் அது பிழை வெளியீட்டில் அச்சாகி 1 ஆகும். வெற்றி என்ற பொருளில் ட்ரூ திருப்பும் பழக்கம் இருந்தால் கவனம்: பைத்தானில் ட்ரூ என்பது 1, ஆகவே வெற்றி தோல்வியாகவும், ஃபால்ஸ் 0 ஆகி தோல்வி வெற்றியாகவும் தலைகீழாகிவிடும்.

இதற்கு மேல் என்னால் உறுதியாகச் சொல்ல முடியாத பகுதி ஒன்று இருக்கிறது. உங்கள் ஸ்கிரிப்டை இறுதியில் இயக்குவது யார் என்று நீங்கள் குறிப்பிடவில்லை. குறித்த நேரத்தில் வேலைகளை இயக்கும் கிரான் என்றால் அது எக்சிட் கோடை வைத்து மின்னஞ்சல் அனுப்புவதில்லை. வெளியீடு ஏதாவது இருந்தால்தான் அனுப்பும். லினக்ஸில் சேவைகளை நிர்வகிக்கும் சிஸ்டம்டி என்றால் எந்த எண்களை வெற்றியாகக் கொள்ள வேண்டும் என்று சர்வீஸ் கோப்பிலேயே எழுதலாம். விண்டோஸின் டாஸ்க் ஷெட்யூலர் கடைசி விளைவைக் காட்டும் இடத்தில் 267009 என்று தெரிந்தால் அது உங்கள் எண் அன்று. வேலை இன்னும் ஓடிக்கொண்டிருக்கிறது என்பதற்கான அதன் குறியீடு. விண்டோஸிலேயே கிட் பாஷ் போன்ற ஷெல்லுக்குள் ஓடுகிறதென்றால் அங்கேயும் 8 பிட் விதிதான் செல்லும்.

அதனால் நிரலைத் திருத்துவதற்கு முன் ஒரு சோதனை செய்து பாருங்கள். கொடுத்த எண்ணோடு வெளியேறுவதைத் தவிர வேறெதுவும் செய்யாத குட்டி ஸ்கிரிப்ட் ஒன்றை எழுதி, கருவி இருக்கும் இடத்தில் அதை வைத்து, 0, 1, 2, 255, 256 என்று ஒவ்வொன்றாகக் கொடுங்கள். லினக்ஸில் ஒருமுறை அதைச் சில நொடி காத்திருக்க வைத்துப் பாதியில் கொன்றும் பாருங்கள். உங்கள் ஸ்கிரிப்டுக்குள் தெரியும் எண், பில்டு கருவியின் பதிவில் தெரியும் எண் இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் குறித்துக்கொள்ளுங்கள். நான் மேலே சொன்னது சரியென்றால், குட்டி ஸ்கிரிப்டுக்கு 1 கொடுக்கும்போது லினக்ஸில் உங்கள் ஸ்கிரிப்டுக்குள் 256 என்றும் பில்டு பதிவில் 0 என்றும் இருக்கும்.